திரவப் படிகக் கலவையில் எது எவ்வளவு: குப்பியைத் திறப்பது முதல் ஐந்தொகை வரை

காரைக்குடியில் ஒரு ஆய்வகத்தில் கருவிகளோடு வேலை செய்கிறேன். தேவகோட்டை, கல்லல், புதுவயல் பக்கமிருந்து ப்ராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடங்களில்தான் தடுக்குகிறார்கள். ஒரு திரவப் படிகக் கலவையில் என்னென்ன பொருள், எது எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வேலை அது. கருவியை ஓட்டத் தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை பிடிபடாமல்தான். அந்த வரிசையை, ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதோடு எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஈ7 கலவையை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு பொருள்கள், சுருக்கப் பெயரில்: 5சிபி 51 சதவீதம், 7சிபி 25, 8ஓசிபி 16, 5சிடி 8, எல்லாம் எடைக் கணக்கில். முதல் மூன்றும் சயனோபைஃபினைல் (இரண்டு பென்சீன் வளையம்), கடைசி ஒன்று சயனோடெர்ஃபினைல் (மூன்று வளையம்). விடை தெரிந்த இந்தக் கணக்கில் கையைப் பழக்கிவிட்டு அப்புறம் விடை தெரியாத கலவைக்குப் போங்கள். நேராகத் தெரியாத கலவையில் இறங்கினால், தப்பு கலவையில் இருக்கிறதா உங்கள் கையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

நான்கு பொருள்களின் தனித்தனி ஸ்டாண்டர்டுகள் (ஒப்பிட்டுப் பார்க்கும் தூய மாதிரிகள்), ஒவ்வொன்றின் தூய்மைச் சான்றோடு. இது இல்லாமல் தொடங்காதீர்கள். பெயர் மட்டும் கண்டுபிடிக்க ஸ்டாண்டர்ட் இல்லாமலும் ஒருவழியாக முடியும். அளவு சொல்ல முடியவே முடியாது.

நான்கு தசம இலக்கம் காட்டும் தராசு வேண்டும். 25 மி.கி. நிறுத்தால் 0.1 மி.கி. தடுமாற்றம் என்பது 0.4 சதவீதம்தான், அதுவே 5 மி.கி. நிறுத்தால் 2 சதவீதம். பொருள் விலை அதிகம் என்று பயந்து 3 மி.கி., 4 மி.கி. நிறுப்பவர்கள் முதல் படியிலேயே பிழையை வாங்கிக்கொள்கிறார்கள்.

கண்ணாடிச் சிரிஞ்சு, கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் மூடி. பிளாஸ்டிக் டிப்பில் டைகுளோரோமீத்தேன் எடுத்தால் பிளாஸ்டிக்கில் இருக்கும் தாலேட் கரைந்து வந்து ஜிசி-எம்எஸ்ஸில் (ஆவியாக்கிப் பிரித்து, மூலக்கூறின் நிறையைக் காட்டும் கருவி) 149 என்ற நிறை எண்ணோடு ஒரு அழகான பீக்காக, அதாவது வரைபடத்தில் எழும் முகடாக, உட்கார்ந்துவிடும். கையுறை இல்லாமல் குப்பியின் வாயைத் தொட்டால் தோல் எண்ணெயிலுள்ள ஸ்குவாலீன் வரும். ரெண்டையும் புதுப் பொருள் என்று நினைத்து அறிக்கையில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உடைந்த திரையிலிருந்து மாதிரி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் 5 மைக்ரான் இடைவெளி என்றால், 10-க்கு 10 செ.மீ. பரப்பில் கிடைப்பது மொத்தமே 50 மி.கி. போலத்தான். ஓரத்து ஒட்டுப்பசையைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் கழுவி எடுங்கள், பசை கரைந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

2. முதலில் சூடாக்கு, கலக்கு, அப்புறம்தான் நிறு

இந்த ஒரு படியைத் தவறவிட்டால் பின்னால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பயனில்லை.

குளிரில் இருந்த கலவையில் உருகுநிலை அதிகமான பொருள் தனியாகப் படிகமாகி அடியில் தங்கலாம். 5சிடி தனியாக இருந்தால் 130 டிகிரியில்தான் உருகும். 5சிபியோ சாதாரண அறை வெப்பத்திலேயே உருகி நிற்கும். இப்படிப்பட்ட ரெண்டு ஒரே குப்பியில் இருக்கும்போது மேலாகத் துளி எடுத்தால் என்ன கிடைக்கும்? கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை அடிவரை கரண்டி விட்டுக் கலக்காமல் மோந்தால் முதல் இலைக்குத் தண்ணியும் கடைசி இலைக்குப் பருப்பும் விழுமே, அதே கதைதான்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்க வேண்டாம். ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் காற்று ஈரமாக இருக்கும், குளிர்ந்த குப்பிக்குள் அது நீராகப் படிந்து எடையில் சேர்ந்துவிடும். அரை மணி நேரம் மூடியபடியே வெளியே வையுங்கள். அப்புறம் மூடியபடியே, கலவை முழுக்கத் தெளியும் வெப்பத்துக்குப் பத்து டிகிரி மேலே கொண்டுபோய், ஈ7 என்றால் 70 டிகிரியில், பத்து நிமிடம் வைத்துச் சுழற்றிக் கலக்குங்கள். பால் மாதிரி கலங்கலாக இருந்தது கண்ணெதிரே தண்ணீர் போலத் தெளியும். அந்தத் தெளிந்த நிலையில் எடுத்ததுதான் மாதிரி.

திறந்து வைத்துச் சூடாக்கக் கூடாது, சூட்டோடு வெற்றிடத்தில் வைக்கவும் கூடாது. இலகுவான பொருள்கள் முதலில் ஆவியாகி விகிதம் மாறிவிடும்.

இன்னொன்று. மே மாதம் மத்தியானம் கரண்ட் போய் ஏசி நின்றிருந்தது. ஒரு பையன் 5சிபி குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்: "அண்ணே, காலையில வெள்ளையாக் கலங்கலா இருந்துச்சு, இப்பப் பாருங்க, பச்சைத் தண்ணியா நிக்குது, கெட்டுப்போச்சா?" கெடவில்லை. 5சிபி 35 டிகிரியில் தெளிந்துவிடும், எங்கள் ஊர் மே மாதத்துக்கு 35 டிகிரி பெரிய விஷயமில்லை. ஏசி வந்ததும் குப்பியின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பால் பரவுகிற மாதிரி மறுபடி கலங்கியது. பையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நெமாட்டிக் நிலை, அதாவது திரவமாக ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசை கட்டி நிற்கும் அந்தக் கலங்கல் நிலை, என்றால் என்ன என்று அன்றைக்கு நான் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

3. எஃப்டிஐஆர்: எந்தக் குடும்பம் என்று மட்டும் கேளுங்கள்

எஃப்டிஐஆர் என்பது அகச்சிவப்பு ஒளியில் எந்த இடத்தில் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. ஐந்து நிமிட வேலை, ஒரு துளி போதும். 2226 செ.மீ.⁻¹ பக்கத்தில் கூர்மையான பீக் இருந்தால் சயனோ குழு இருக்கிறது. 1730–1740-ல் பலமான பீக் இருந்தால் எஸ்டர். சயனோ பீக்கே இல்லாமல் 1100 முதல் 1300 வரை பலமான பட்டைகள் நெருக்கமாக இருந்தால் ஃப்ளூரின் உள்ள பொருள்களைச் சந்தேகப்படுங்கள், டிஎஃப்டி திரைகளுக்கான (டிவி, மானிட்டரில் வருபவை) கலவைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

இதை ஏன் முதலில் செய்கிறோம்? அடுத்து எந்தக் கருவிக்குப் போவது என்பதை இதுதான் முடிவு செய்யும். எஸ்டர் இருந்தால் ஜிசி மட்டும் போதாது. ஃப்ளூரின் இருந்தால் ஃப்ளூரின் என்எம்ஆருக்கும் (அணுக்களைக் காந்தப் புலத்தில் வைத்துப் பார்க்கும் முறை) சேர்த்து மாதிரி ஒதுக்க வேண்டும்.

ஆனால் இங்கே பீக் உயரத்தை வைத்து அளவு கணக்குப் போடாதீர்கள். ஏடிஆர் படிகத்தின் (கருவியில் மாதிரி வைக்கும் படிகம்) மேல் துளியைத் தேய்க்கும்போது மூலக்கூறுகள் தேய்த்த திசையில் வரிசை கட்டி நிற்கும், நிற்கிற திசையைப் பொறுத்துப் பீக்கின் உயரம் மாறும். சயனோ குழு மூலக்கூறின் நீளவாக்கில் இருப்பதால் அதில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒரே குப்பியிலிருந்து ஒரே ஆள் இரண்டு முறை தேய்த்தாலே உயரம் ஒன்றாக வராது.

4. கரைசல்: ஜிசிக்கு வேறு, ஹெச்பிஎல்சிக்கு வேறு

ஜிசி பொருளை ஆவியாக்கிப் பிரிக்கும், ஹெச்பிஎல்சி ஓடும் கரைப்பானில் வைத்துப் பிரிக்கும். சூடாக்கிக் கலக்கிய அதே குப்பியிலிருந்து இரண்டு தனி எடைகள். ஜிசிக்கு 25 மி.கி. எடுத்து டொலுவினில் 25 மி.லி. ஆக்குங்கள். ஹெச்பிஎல்சிக்கு 25 மி.கி. எடுத்து அசிட்டோநைட்ரைலில் 25 மி.லி. ஆக்கி, அதிலிருந்து பத்து மடங்கு நீர்த்து 0.1 மி.கி./மி.லி. ஆக்குங்கள்.

ஒரே கரைசலை ரெண்டுக்கும் ஓட்டிவிடலாமே என்று தோன்றும். டொலுவினில் கரைத்ததை ஹெச்பிஎல்சியில் செலுத்தினால் பீக் அகலும், சில சமயம் ரெண்டாகப் பிளக்கும், கடைசியில் இல்லாத ஐந்தாவது பொருளைத் தேடி ஒரு வாரம் போகும். ஓடும் கரைப்பானை ஒத்த கரைப்பானில்தான் மாதிரி இருக்க வேண்டும்.

5சிடி ஸ்டாண்டர்ட் மெதுவாகக் கரையும். அல்ட்ராசோனிக்கில் பத்து நிமிடம் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துகள் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டு அளவுக் கோடு வரை நிரப்புங்கள். கோடு வரை நிரப்பியபின் சூடாக்கக் கூடாது, கன அளவு மாறிவிடும். கரையாத துகளை ஃபில்டர் தடுத்துவிடும், நீங்களும் 5சிடி குறைவு என்று எழுதிவிடுவீர்கள்.

வெறும் கரைப்பானை மட்டும் முதலில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதில் வருகிற பீக் எதுவும் உங்கள் கலவையைச் சேர்ந்ததில்லை.

5. ஜிசி-எம்எஸ்: யார் யார் என்று பெயர் போடுவது

காலம் என்று லேபில் சொல்லும் பிரிப்புக் குழாய் 5 சதவீத ஃபினைல் வகை, 30 மீட்டர். ஹீலியம் நிமிடத்துக்கு 1 மி.லி. இன்ஜெக்டர் 290 டிகிரி. அடுப்பு 150-ல் தொடங்கி நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறி 300-ல் பதினைந்து நிமிடம் நிற்கட்டும். இதைத் தொடக்கமாக வைத்து உங்கள் கருவிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தைத்தான் அவசரக்காரர்கள் வெட்டுவார்கள். 5சிடி கனமான பொருள், தாமதமாகத்தான் வெளியே வரும். வருவதற்குள் ஓட்டத்தை முடித்தால் அது குழாயிலேயே தங்கி, அடுத்த மாதிரியின் நடுவில் அகலமான மேடாக எழும்பும். அந்த மாதிரியில் அது இல்லவே இல்லாமலும் இருக்கலாம்.

நிறை நிறமாலையில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்: முழு மூலக்கூறு, அது உடைந்து வரும் பெரிய துண்டு. 5சிபி 249-ல் நிற்கும், வாலிலிருந்து (வளையத்தில் தொங்கும் கார்பன் சங்கிலி) பியூட்டைல் பிரிந்து 192 ஆகும். 7சிபி 277, அதுவும் உடைந்தால் 192-தான், ஏனென்றால் வெட்டு விழுவது வளையத்துக்கு அடுத்த கார்பனைத் தாண்டி. மிச்சம் நிற்கும் துண்டு ரெண்டிலும் ஒன்றேதான். 8ஓசிபி 307, அதன் வால் ஆக்சிஜன் வழியாகக் கோத்திருப்பதால் 112 கழன்று 195 வரும். 5சிடி 325, உடைந்தால் 268.

ஆகவே 192-ஐப் பார்த்ததும் "5சிபி" என்று எழுதாதீர்கள், மேலே உள்ள பெரிய எண்ணைப் பாருங்கள்.

இதைவிடக் கடினமான பொறி ஒன்று உண்டு. முறுக்கு நெமாட்டிக் வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் சிபி15 என்ற கைரல் பொருள் (இடக்கை வலக்கை மாதிரி, கண்ணாடிப் பிம்பத்தோடு ஒன்றாகாத மூலக்கூறு), 5சிபியின் ஐசோமர், அதாவது அதே அணுக்கள், வேறு அமைப்பு. வால் கிளைத்திருக்கும், அவ்வளவுதான். மூலக்கூறு நிறை அதே 249, பெரிய துண்டும் அதே 192. கருவியின் லைப்ரரி (நிறமாலைகளின் தொகுப்பு) எவ்வளவு உயர்ந்த பொருத்தம் காட்டினாலும் நிறை நிறமாலை மட்டும் வைத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. வெளிவரும் நேரம் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும், அதற்கு ரெண்டு ஸ்டாண்டர்டையும் தனித்தனியே ஓட்டியிருக்க வேண்டும். லைப்ரரி சொல்வது ஆலோசனை, ஸ்டாண்டர்ட் சொல்வதுதான் சாட்சி.

207, 281 என்ற எண்கள் ஓட்டம் முழுக்கத் தலைகாட்டினால் அது குழாயின் அல்லது செப்டத்தின் சிலிகோன் கசிவு. விட்டுவிடுங்கள்.

6. ஹெச்பிஎல்சி: ஜிசியில் ஏறாதவை, ஆனால் இதற்கும் ஒரு குருட்டுப்புள்ளி

கனமான எஸ்டர்கள், எஸ்811 போன்ற கைரல் பொருள்கள் ஜிசியில் சரியாக வராது. அதனால் இதையும் ஓட்ட வேண்டும். சி18 குழாய், 150 மி.மீ., அசிட்டோநைட்ரைல் 85 தண்ணீர் 15, நிமிடத்துக்கு 1 மி.லி. என்று தொடங்குங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் தனியாக ஓட்டி யார் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று குறித்துவிட்டு, அப்புறம்தான் கலவை. ஜிசியில் வந்த வரிசையிலேயே இங்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கொதிநிலை பேசும், இங்கே கொழுப்புத்தன்மை பேசும்.

குருட்டுப்புள்ளி என்றேன். யுவி டிடெக்டருக்கு ஒளியை உறிஞ்சும் வளையம் வேண்டும். டிஎஃப்டி கலவைகளில் நிறையச் சேர்க்கப்படும் புரொப்பைல் வினைல் பைசைக்ளோஹெக்சேன் போன்ற பொருள்களில் பென்சீன் வளையமே கிடையாது. கலவையின் மிகப் பெரிய பங்கு அதுவாகவே இருந்தாலும் 254 நானோமீட்டரில் அதன் இடத்தில் கோடு தட்டையாகத்தான் ஓடும். ஹெச்பிஎல்சியை மட்டும் நம்பியவர் மீதமிருப்பதைக் கூட்டி நூறாக்கி, பெரிய ஆளை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார். ஜிசி-எம்எஸ்ஸில் அது 234 என்ற நிறையோடு முன்னதாகவே வந்து நிற்கும். அதனால்தான் ஐந்தாம் படி முதலில்.

7. ஏரியா சதவீதம், எடைச் சதவீதம் இல்லை

நான் அதிகம் குரல் உயர்த்துவது இந்த இடத்தில்தான். கருவி கொடுக்கும் தாளில் ஏரியா (பீக்கின் பரப்பு) சதவீதம் என்று ஒரு நெடுவரிசை இருக்கும், கூட்டினால் நூறு வரும். "அண்ணே, நூறு வந்துருச்சுல்ல, அப்ப இதுதானே சதவீதம்?" என்று கேட்காத மாணவர் இல்லை. நூறு எப்போதும் வரும், ஏனென்றால் கருவி அதை நூறாக்கித்தான் அச்சடிக்கிறது. சரியாக இருந்தாலும் நூறு, தப்பாக இருந்தாலும் நூறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. 5சிபி ஸ்டாண்டர்ட் 0.050 மி.கி./மி.லி. ஓட்டினால் ஏரியா 1000. அதே அளவு 5சிடி ஓட்டினால் 1600, மூன்று வளையம் வரிசையாக இருப்பதால் நாம் வைத்த அலைநீளத்தில் அது அதிகம் உறிஞ்சுகிறது. இப்போது கலவையில் 5சிபிக்கு 1020, 5சிடிக்கு 256 வருகிறது. ஏரியாவை மட்டும் பார்த்தால் இந்த இரண்டில் 5சிடி 20 சதவீதம். ஸ்டாண்டர்டால் வகுத்துப் பாருங்கள்: 5சிபி 0.051 மி.கி., 5சிடி 0.008 மி.கி., அதாவது 13.6 சதவீதம். ஒரே தாள், ஒரே பீக், ஆனால் விடை வேறு.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து செறிவுகளில் காலிப்ரேஷன் கோடு (எந்தச் செறிவுக்கு எவ்வளவு ஏரியா என்ற கோடு) போடுங்கள், கலவையில் எதிர்பார்க்கும் அளவு அந்தக் கோட்டின் நடுப்பக்கம் விழும்படி. ஸ்டாண்டர்டின் தூய்மை 98 சதவீதம் என்றால் அதையும் பெருக்குங்கள். ஒவ்வொரு கரைசலையும் மூன்று தடவை செலுத்துங்கள். மூன்றுக்குள் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மேலே போகாமல் கசிவையும் காற்றுக் குமிழியையும் தேடுங்கள்.

ஜிசியில் எஃப்ஐடி டிடெக்டர் (சுடரில் எரித்து அளப்பது) இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது, கார்பன் எடைக்கு ஏறக்குறைய விகிதமாகக் காட்டும். ஆனாலும் ஸ்ப்ளிட் இன்ஜெக்ஷனில் (செலுத்தியதில் ஒரு பங்கு மட்டும் குழாய்க்குள் போகும் முறை) கனமான 5சிடி முழுதாக ஆவியாகாமல் குறைந்து வரும் வாய்ப்பு உண்டு, அதனால் அங்கும் காலிப்ரேஷன் உண்டு. செலுத்தும் அளவில் ஏற்படும் தடுமாற்றத்தைச் சரிக்கட்ட ஆக்டாடெக்கேன் போன்ற ஒரு இன்டர்னல் ஸ்டாண்டர்டை எல்லாக் கரைசலிலும் ஒரே அளவு சேருங்கள். அது உங்கள் கலவையின் எந்தப் பீக் மேலும் உட்காரவில்லை என்று முதலில் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு.

8. என்எம்ஆர்: வேறு தராசில் அதே கணக்கு

கலவையை அப்படியே குழாயில் ஊற்றிக் காந்தத்துக்குள் விடாதீர்கள். நெமாட்டிக் மூலக்கூறுகள் காந்தப் புலத்தில் வரிசை கட்டிவிடும், நிறமாலை கூரான கோடுகளாக வராமல் மலை மாதிரி அகன்று நிற்கும். 10 மி.கி.யை 0.6 மி.லி. டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் கரைத்தால் அந்த ஒழுங்கு கலைந்து சாதாரணக் கரைசலாகிவிடும்.

ஈ7-ல் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. 4.0 பிபிஎம் பக்கம் வருவது ஆக்சிஜனை ஒட்டிய சிஎச்2, அது 8ஓசிபியிடம் மட்டும்தான் உண்டு. 2.6 பக்கம் வருவது வளையத்தை ஒட்டிய சிஎச்2, மற்ற மூன்றுக்கும் பொது. ரெண்டிலும் இரண்டிரண்டு ஹைட்ரஜன் என்பதால் பரப்பை நேராக ஒப்பிடலாம். துடிப்புகளுக்கு நடுவில் 30 விநாடி இடைவெளி கொடுங்கள். மென்பொருளில் முன்பே இருக்கும் ஒரு விநாடியோடு ஓட்டினால் மெதுவாக ஓய்வுக்குத் திரும்பும் ஹைட்ரஜன்கள் குறைவாகக் காட்டும்.

இங்கே வருவது மோல் கணக்கு, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கு. எடைக் கணக்கோடு நேராக ஒப்பிட்டுவிட்டுக் "கருவி ரெண்டும் முரண்படுது" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய. மாற்றிப் பாருங்கள்: 51-ஐ 249.4-ஆலும், 25-ஐ 277.4-ஆலும், 16-ஐ 307.4-ஆலும், 8-ஐ 325.4-ஆலும் வகுத்தால் மோல் சதவீதம் முறையே 55.1, 24.3, 14.0, 6.6. அதாவது எடையில் 16 ஆன 8ஓசிபி மோலில் 14. 4.0-ல் உள்ள பரப்பை 1.00 என்று வைத்தால் 2.6-ல் 6.13 வர வேண்டும். இந்த ஒரு எண் ஒத்துவந்தால், குரோமட்டோகிராஃபியில் நீங்கள் போட்ட 8ஓசிபி கணக்குக்கு ஸ்டாண்டர்டைச் சாராத இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது.

9. ஐந்தொகை போடுங்கள்

எங்கள் பக்கம் பழைய வீடுகளில் கணக்கை முடிக்கும்போது ஐந்தொகை போடுவார்கள், வரவும் இருப்பும் நேராகும் வரை பேரேட்டை மூட மாட்டார்கள். இதுவும் அப்படித்தான். பீக்குகளை நூறாக்காமல், நிறுத்து எடுத்த 25 மி.கி.யில் எத்தனை மி.கி. கணக்குக்கு வந்தது என்று கூட்டுங்கள். 98 முதல் 102 சதவீதத்துக்குள் வந்தால் சரி.

93 வந்தால்? மிச்சம் 7 சதவீதம் ஏதோ ஒரு டிடெக்டருக்குத் தெரியாத பொருள், அல்லது குழாயில் தங்கிவிட்ட பொருள், அல்லது முழுதாகக் கரையாத பொருள். ஹெச்பிஎல்சியில் குறைந்து ஜிசியில் சரியாக இருந்தால் வளையமில்லாத பொருளைத் தேடுங்கள். ஜிசியில் குறைந்து ஹெச்பிஎல்சியில் சரியாக இருந்தால் கனமான எஸ்டர். ரெண்டிலும் குறைந்தால் இரண்டாம் படிக்கும் நாலாம் படிக்கும் திரும்பிப் போங்கள். 105 வந்தால் ரெண்டு பொருள் ஒரே பீக்கில் ஒளிந்திருக்கலாம், இல்லையென்றால் மாதிரிக் கரைசல் நாள்பட்டு அதன் கரைப்பான் ஆவியாகியிருக்கலாம்.

10. கையால் கலந்து பாருங்கள்

கிடைத்த சதவீதப்படி ஸ்டாண்டர்டுகளை நிறுத்து 1 கிராம் கலவை செய்யுங்கள்: 510, 250, 160, 80 மி.கி. மூடிய குப்பியில் 100 டிகிரி வரை கொண்டுபோய், 5சிடி முழுக்க மற்றவற்றில் கரைந்து தெளியும் வரை சுழற்றுங்கள். பின் இதையும் அசல் கலவையையும் அடுத்தடுத்து, சூடாக்கும் மேடையுள்ள போலரைஸிங் மைக்ராஸ்கோப்பில், நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றிப் பாருங்கள். நெமாட்டிக்கின் வண்ண நூல்கள் அங்கங்கே கருந்துளிகளாக விட்டுப்போய், ஒரு கட்டத்தில் பார்வை முழுக்க இருண்டுவிடும். தெளியும் வெப்பம் அது.

தனித்தனிப் பொருள்களின் தெளியும் வெப்பத்தை எடைப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் ஒரு தோராயம் கிடைக்கும்: 5சிபி 35, 7சிபி 43, 8ஓசிபி 80, 5சிடி 239 என்று எடுத்தால் 60.5 டிகிரி. ஈ7 நிஜத்தில் தெளிவதும் 60-ஐ ஒட்டித்தான். 5சிடியின் எண் எவ்வளவு பெரிது என்று கவனியுங்கள், அது ஒரு சதவீதம் குறைந்தாலே ஏறக்குறைய 2 டிகிரி இறங்கிவிடும். கையால் கலந்ததும் அசலும் ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் முதலில் 5சிடியின் காலிப்ரேஷனைத் திறந்து பாருங்கள்.

ஒத்துவந்த கையால் கலந்த குப்பியைக் கொட்டிவிட வேண்டாம். தேதியும் நான்கு எடைகளும் எழுதி ஒட்டி, இருட்டான இடத்தில் வையுங்கள். அடுத்த முறை தெரியாத கலவை வரும்போது முதல் இன்ஜெக்ஷன் அதுதான்.